வெண்புடவைக்குப் பின்

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் இளமையிலேயே மேடையேறிப் பாடி நடித்தவர். நாடக உலகின் இசைவேந்தர் எஸ். ஜி. கிட்டப்பாவை 1927இல் மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தார். அதன்பின் அம்மையார் வெண்புடவையே உடுத்தினார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

நடிகை ஒருவரின் கலைவாழ்வு முடிந்துபோக இவ்வுறுதி ஒன்றே போதும். ஆனால், 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவர் ஆண்வேடமே தாங்கினார். வேதியராக எதிரே நின்றவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அம்மையார் பெற்ற ஊதியமோ ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் கேட்டிராத தொகை!

பின்னர் 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவை, 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். துறவும் பத்தியும் சார்ந்த பாத்திரங்களே தொடர்ந்து வாய்த்தமை தற்செயலென யான் கருதவில்லை. பூண்ட உறுதியே அவற்றைத் தேர்ந்தது. (வகுப்பில் சிலம்பு நடத்துங்கால், கவுந்தியடிகள் என்றதும் அக்குரலே என் செவியில் முந்தி ஒலிக்கிறது.)

இடையே ஐம்பதுகளில் சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்றம் புகுந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை என்பர். மேலவை கண்ட பின்னரும் அரிதாரம் துறந்தாரில்லை. 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில், அகவை ஐம்பதைக் கடந்த நிலையில், மீண்டும் ஔவையாகவே வந்து பாடினார்.