வீடு யாருக்காக?

பூர்வீக வீட்டை விற்பது என்பது நம்மிடையே வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று. பத்திரப் பதிவு அரை நாளில் முடிந்துவிடும். மனம் அதை ஏற்றுக்கொள்ள ஆண்டுகள் பல ஆகும். பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர்களில் வாழ, முதியோர் மட்டும் பெரிய வீட்டில் விளக்கேற்றிக் காத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! 'இந்த வீட்டை என்ன செய்வது? இனி எங்கே போவது?' என்னும் வினா அவ்வீடுகளில் என்றேனும் ஒருநாள் எழத்தான் செய்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் பிரான்சு நாட்டில் இதே வினாவை எதிர்கொண்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை இங்கு நாம் நினைவுகூர விழைகிறோம். 'சிறுமலர்' என்று நாம் அன்போடு அழைக்கும் புனித குழந்தை இயேசுவின் தெரசாளின் குடும்பமே அது.

அலென்சோனில் வேரூன்றிய குடும்பம்

தெரசாளின் தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர். நார்மண்டிப் பகுதியிலுள்ள அலென்சோன் நகரில் 1850இல் கடை தொடங்கினார். தாய் செலி, அந்நகருக்கே பெருமை சேர்த்த பின்னல் லேஸ் வேலையில் கைதேர்ந்தவர். தாமே ஒரு தொழிலை நிறுவிப் பல பெண்களுக்கு வேலை கொடுத்து வந்தவர். 1858ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் நள்ளிரவில் இவ்விருவருக்கும் திருமணம் நடந்தேறியது. பிறந்த ஒன்பது மக்களுள் நால்வரை அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தனர். எஞ்சியோர் ஐந்து பெண்கள்.

மனைவியின் தொழில் வளரவே, 1870இல் லூயி தமது கடிகாரக் கடையைத் தம் சகோதரி மகனுக்கு விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு குடும்பம் புனித பிளேசு தெருவிலிருந்த, செலியின் தந்தைக்கு உரியதாயிருந்த வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. கடைசிக் குழந்தையாகிய தெரசாள் 1873ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் அவ்வீட்டிலேதான் பிறந்தார்.

1877ஆம் ஆண்டு ஆகசுடு 28ஆம் நாள், மார்பகப் புற்றுநோயால் செலி இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 45. மூத்த மகள் மரிக்கு வயது 17, தெரசாளுக்கு நான்கரை. ஐம்பத்து நான்கு வயதில் ஐந்து பெண்மக்களோடு தனித்து நின்றார் லூயி.

தாய்மாமன் அழைத்தார்

செலியின் தம்பி இசிதோர், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லிசியே நகரில் மருந்துக்கடை நடத்தி வந்தார். அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி, தாயை இழந்த பிள்ளைகளுக்குத் தந்தை பாதுகாவலராயினும், உறவினர் அவை கூடி, அவருக்குத் துணையாக மற்றொரு பாதுகாவலரையும் நியமிக்க வேண்டும். அப்பொறுப்பு 1877 செப்டம்பரில் இசிதோரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாய்மாமனுக்குரிய கடமையை நன்கறிந்த தமிழராகிய நமக்கு இது வியப்பளிப்பதன்று. அவர் அத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகளோடு லிசியேவுக்கே வந்துவிடுமாறு மைத்துனரை வற்புறுத்தினார். தாமே அலைந்து பல வீடுகளைப் பார்த்து, ஊரின் ஓரத்தில் தோட்டத்துடன் கூடிய ஒரு செங்கல் வீட்டைத் தெரிந்தெடுத்தார். 'புயிசொனே' என்னும் பெயரால் இன்று உலகறிந்த வீடு அதுவே.

லூயி அலென்சோனை விட்டுப் புறப்படுவதென்றால் எதையெல்லாம் இழக்க வேண்டியிருந்தது? எழுபத்தேழு வயதுத் தாய் அங்கு இருந்தார். இளமை முதல் பழகிய நண்பர்கள் இருந்தனர். திருமணத்திற்கு முன்பே வாங்கி, செபத்திற்கும் தனிமைக்கும் அவர் நாடிச் சென்ற சிறு கோபுரமும் தோட்டமும் இருந்தன. மனைவியும் நான்கு குழந்தைகளும் துயிலும் கல்லறை இருந்தது. லிசியேவிலோ அவருக்கென்று மனைவி வழி உறவைத் தவிர வேறொன்றுமில்லை. நண்பர்கள் தடுத்துப் பார்த்தனர்.

லூயி தம் விருப்பத்தை ஒரு தட்டில் வைத்தார். பிள்ளைகளின் நலனை மறு தட்டில் வைத்தார். தாயில்லாப் பெண்களுக்கு மாமியின் அரவணைப்பும் ஒத்த வயதுடைய மாமன் மக்களின் தோழமையும் வேண்டும் என்று கண்டார். ஆயினும் தாமே முடிவுசெய்து அதை அவர்கள்மேல் சுமத்தவில்லை. மகள்களை அழைத்து அவர்கள் கருத்தைக் கேட்டார். குடும்பத்தலைவரின் சொல்லே சட்டமாயிருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் பெண்கள் லிசியே வந்து சேர்ந்தனர். லேஸ் தொழிலின் கணக்கு வழக்குகளை முடிப்பதற்காகத் தந்தை பின்தங்கி, மாத இறுதியில் வந்தார். ஊரை விட்டு வந்ததில் தமக்கு வருத்தமே இல்லை என்றும், குழந்தைகள் மாற்றத்தை விரும்புவர் என்றும் தெரசாள் பிற்காலத்தில் எழுதினார். குழந்தை மகிழ்ந்தது, விலையைக் கொடுத்தவர் தந்தை.

நிலைத்தது எது?

புயிசொனே அவர்களுக்குச் சொந்த வீடன்று, வாடகை வீடே. அங்கு அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் லூயி தம் இளமையில் பெற்ற மரியன்னையின் சுருபமும் ஒன்று. 1883ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், நோயுற்றிருந்த சிறுமி தெரசாள் அன்னையின் புன்னகையைக் கண்டு நலமடைந்தது அச்சுருபத்தின் முன்புதான். பவுலின், மரி, தெரசாள் என மகள்கள் ஒருவர்பின் ஒருவராக லிசியே கார்மேல் மடம் புகுந்தனர்.

1889 பிப்ரவரியில் மூளை நோயால் தாக்குண்ட லூயி, கான் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் அங்கிருக்கையிலேயே, அவ்வாண்டின் கிறிசுமசோடு புயிசொனே வீட்டின் குத்தகை முடிக்கப்பட்டது. தட்டுமுட்டுச் சாமான்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மூன்றாண்டுகள் கழித்து, 1892 மே மாதத்தில், கால்கள் செயலிழந்த நிலையில் லூயி லிசியே திரும்பியபோது அந்த வீடு இல்லை. ஆனால் மைத்துனர் இருந்தார். மகள்கள் செலினும் லெயோனியும் இருந்தனர். முதலில் மைத்துனர் வீட்டிலும், பின்னர் அதற்கு அருகிலேயே எடுத்த ஒரு வாடகை வீட்டிலும் அவர் பேணப்பட்டார். 1894 சூலை 29ஆம் நாள், மைத்துனர் குடும்பத்திற்குரிய லா மியூசு மாளிகையில் அவர் உயிர் பிரிந்தது. பிள்ளைகளுக்காக அவர் தேடிக்கொடுத்த உறவே இறுதியில் அவரையும் தாங்கியது.

அவ்வாண்டே இசிதோர் மற்றொன்றும் செய்தார். செலி, நான்கு குழந்தைகள், லூயியின் தாய் ஆகியோரின் எச்சங்களை அலென்சோனிலிருந்து கொணர்ந்து லிசியே கல்லறைத் தோட்டத்தில் ஒன்றுசேர்த்தார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் லூயி கண்ணீரோடு விட்டுவந்தவர்கள் அவரிடமே வந்து சேர்ந்தனர். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் லூயியும் செலியும் ஒருங்கே புனிதராக உயர்த்தப்பட்டனர்.

வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதற்கு இவ்வரலாறு ஆயத்த விடை எதையும் தரவில்லை. அலென்சோனிலிருந்த சிறு கோபுரத்தை லூயி விற்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை அது நமக்குக் கற்றுத்தருகிறது. 'என்ன விலை பெறும்?' என்று கேட்கிறோம். 'யாருக்கு எவ்வளவு பங்கு?' என்று கேட்கிறோம். லூயி கேட்டது வேறு: 'என் பிள்ளைகளுக்கு யார் துணை?' இன்று நம் இல்லங்களில் இவ்வினாவைத் திருப்பியும் கேட்க வேண்டியுள்ளது. வீட்டை விற்றுவிட்டுத் தம்மோடு வருமாறு பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள், லூயி தம் மகள்களைக் கேட்டதுபோல் அவர்களின் விருப்பத்தைக் கேட்கின்றனரா? போகுமிடத்தில் அம்முதியோருக்கு ஓர் அறை மட்டும் காத்திருக்கிறதா, பேசுவதற்கு ஓர் ஆளும் இருக்கிறாரா? கையொப்பமிடுமுன் இதற்கு விடை கண்டுகொள்வது நம் கடமையாகும்.