ஒரு கிலோ பழுப்புக் கரி

நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து அப்போதுதான் வெட்டியெடுத்த கரியைக் கையில் வாங்கிப் பார்த்தால் நிலக்கரி என்று நம்புவது கடினம். நிறம் கருப்பில்லை, பழுப்பு. சில துண்டுகளில் மரத்தின் நார்வரிகூடத் தெரியும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். எரித்தால் கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த விறகு இதைவிட அதிகம் கொடுக்கும். இந்த ஏழைக் கரியை நம்பித்தான் ஒரு நகரம் எழுந்தது, தென்மாநிலங்களின் மின்கம்பிகளில் பெரும் பங்கு மின்சாரம் ஓடியது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது சதுப்புக்காடாக இருந்தது. மரம் விழுந்தது, தண்ணீரில் மூழ்கியது, காற்றுப் படாததால் முழுதாக மக்கவில்லை. மேலே மணலும் களியும் படிந்து அழுத்தின. காற்றிலிருந்து அந்த மரங்கள் எடுத்துக்கொண்ட கார்பன் அப்படியே பூமிக்குள் பூட்டிவைக்கப்பட்டது. கரியின் வாழ்க்கையில் மிக நீண்ட காலம் இதுதான். சொல்ல அதிகமில்லாத காலமும் இதுதான்.

மனிதர் கண்ணில் அது பட்டது 1930-களின் நடுவில். நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தானாகப் பொங்கி வந்த தண்ணீரோடு கருப்புத் துகள்களும் வந்தன. அவர் அதைச் சாதாரண அழுக்கு என்று விட்டுவிடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956-இல் கரியை வெட்டியெடுக்க அரசு நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். கரிப்படுகையின் தலை வெளியே தெரிய 1961 ஆகிவிட்டது. மறு ஆண்டே சோவியத் உதவியோடு அமைத்த அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது.

நான்கு ஆண்டுகள் எதைத் தோண்டினார்கள்? மண்ணைத்தான். நம் ஒரு கிலோ கரி தரைமட்டத்திலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் முதலில் போகும்; அதன் கீழே கடலூர் மணற்பாறை, அதற்கு வெடி. பிறகு ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் இரவும் பகலும் சுழன்று அள்ளும். அள்ளிய மண் கன்வேயர் பெல்ட்டில் போய் மலையாகக் குவியும். நெய்வேலிப் பக்கம் போகிறவர்கள் குன்று என்று நினைத்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்த மண்மேடுகளைத்தான்.

அடுத்தது தண்ணீர். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. முதலியார் கிணற்றில் துகளை மேலே தள்ளிக்கொண்டு வந்ததும் அந்த அழுத்தம்தான். மேலிருக்கும் மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு ஏறிவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் கிணறு போட்டு ஓயாமல் இறைக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கு. ஒரு பகுதி வாய்க்கால் வழி வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்குப் பாயும். சென்னைக் குடிநீருக்கும் கொஞ்சம் போகிறது. பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே கிணறு பொங்கிய வட்டாரத்தில் நீர்மட்டம் எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டது. அந்த இழப்பு கரியின் விலையில் ஏறவில்லை.

வெட்டிய பிறகு கரிக்குப் பொறுமை கிடையாது. குவித்து வைத்தால் உள்ளே சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதி எடை நீராக இருப்பதைத் தூரம் கொண்டுபோவதும் வீண் செலவு. அதனால்தான் மின்நிலையம் சுரங்கத்தின் வாசலிலேயே நிற்கிறது. ஒரு காலத்தில் இதே கரியிலிருந்து யூரியாவும், வீட்டு அடுப்புக்கு ‘லெகோ’ என்ற புகையில்லா எரிகரியும் செய்தார்கள். மூத்தவர்களுக்கு லெகோ நினைவிருக்கும். அந்த ஆலைகள் மூடப்பட்டபின் கரிக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஒரே வழி, கொதிகலன்.

அங்கே அது பொடியாக அரைபட்டு நெருப்புக்குள் ஊதப்படுகிறது. சில நொடிகளில் எரிந்து முடிந்துவிடும். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கரி தேவை. வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளிரூட்டும் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. நம் கணக்குப் புத்தகங்கள் பதிவு செய்வது இந்தச் சில நொடிகளை மட்டுமே.

எரிந்தபின் சாம்பலில் ஒரு பகுதி சிமெண்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. கந்தகம் புகையோடு வெளியேறுகிறது. அதைப் பிடித்து நிறுத்த 2015-இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கெடுவைத் தள்ளிக்கொண்டே போனது.

கார்பனுக்குத்தான் பெரும் பயணம். ஒரு கிலோ கரியில் சுமார் 300 கிராம் கார்பன். காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு அது ஒரு கிலோவுக்கும் சற்று மேலான கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. போட்ட கரியைவிட வந்த வாயு கனம்! மாநிலம் வீடுகளுக்குத் தரும் இரண்டு மாதத்து 100 யூனிட் இலவச மின்சாரம் முழுதும் இந்தக் கரியிலிருந்து வந்தால், ஒரு வீட்டுக்கு 100 கிலோவுக்கு மேல் வாயு.

அந்த வாயுவில் கால்வாசி கடலில் கரைந்து கடல்நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. இன்னொரு பகுதியைச் செடிகொடியும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. ஏறக்குறைய பாதி காற்றிலேயே தங்குகிறது. அதில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் இருக்கும். நெய்வேலியில் மண்வெட்டு தொடங்கிய மறு ஆண்டு, 1958-இல், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உலகம் முழுவதும் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. நெய்வேலியின் பங்கு சிறியது. ஆனால் இந்தக் கணக்கில் எல்லாப் பங்கும் அப்படிச் சிறியதாகத்தான் வந்து சேர்ந்தது.

முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. சுரங்கம் நிற்கவில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே மேல்வளையமாதேவியில், விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எங்களுடையது என்றது நிறுவனம். காகிதப்படி சரியாக இருக்கலாம். வளர்ந்த நெல்லை மண்ணோடு புரட்டியதை எந்தக் காகிதமும் நியாயமாக்காது.

இந்தியா 2070-க்குள் நிகரக் கார்பன் உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அதை மெய்யாகவே நினைத்தால் புதிதாக ஒரு ஏக்கர்கூடக் கரிக்கு எடுக்க வேண்டியதில்லை. இருக்கும் குழிகள் எந்த ஆண்டு மூடப்படும், தொழிலாளிக்கு அடுத்த வேலை என்ன, நிலம் கொடுத்தவருக்கு என்ன திரும்பும் என்பதை அரசு தேதி போட்டு இப்போதே அறிவிக்க வேண்டும்.