சேலத்து வழக்குகளும் சென்னை மேல்முறையீடும்

கீழ் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அதற்கு மேலுள்ள நீதிமன்றம் மறுபடி ஆராய்வதே மேல்முறையீடு. சேலம், நாமக்கல் சமவெளியின் பேச்சு வழக்கில் அது இன்றும் ‘அப்பீல்’ என்றே வழங்குகிறது. 1861-இல் சென்னையிலிருந்து வந்த இரயில் பாதை சேலத்தை எட்டியதும், பழைய உச்ச நீதிமன்றத்தையும் கம்பெனி ஆட்சியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தையும் ஒன்றாக்கி அமைக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே வேளையில் நிகழ்ந்தன. இரயில் இல்லாதிருந்தால் அந்த நீதிமன்றம் இவ்வூர்க்காரர்களுக்குப் பெயரளவிலேயே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

மேல்முறையீட்டில் பொதுவாகச் சாட்சிகள் மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் தமிழில் சொல்லப்பட்ட சாட்சியம் மொழிபெயர்க்கப்பட்டு, ஆவணங்களோடு சேர்த்து அச்சிடப்பட்ட வழக்குக் கட்டாகவே நீதிபதிகளின் முன் செல்லும் என்பதால், குறுக்கு விசாரணையில் பெயரெடுத்த ஊர் வக்கீலின் திறமைக்கு அங்கே வேலை குறைவு. 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தொழிலர் சட்டத்தின்படி பிளீடர்கள் எனப்பட்ட கீழ்நிலை வக்கீல்கள் உயர் நீதிமன்றத்தில் வாதாடவும் இயலாதிருந்தது. ஆகவே கட்சிக்காரர் சென்னையில் வேறொரு வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மேல்முறையீட்டின் வலிமையை இவ்வூர் கண்டுகொள்ளக் காரணமாயிருந்தவர் சி. விஜயராகவாச்சாரியார் (1852–1944). செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து வந்து சேலத்தில் ஆசிரியப் பணி செய்து, யாரிடமும் பாடம் கேளாமல் சட்டத் தேர்வில் தேறி, 1881-இல் தொழிலைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே நகராட்சி உறுப்பினரானார். அந்த 1882-இல்தான் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது; அதைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

இந்த விடுதலையைத்தான் நூல்கள் பெரிதாகப் பேசுகின்றன. சட்ட வரலாற்றில் இதைவிடக் கனமானது அடுத்து அவரே தொடுத்த வழக்கு. நகராட்சிப் பதவியிலிருந்து மாகாண அரசு தம்மை நீக்கியது முறையற்றது என்று இந்தியச் செயலர் மீதே அவர் வழக்குப் போட்டார். இந்தியச் செயலர் என்பவர் இலண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அமைச்சர்; 1858-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் மீதான வழக்குகள் அவர் பெயரிலேயே தொடுக்கப்பட்டன. 1884-இல் சென்னைத் தீர்ப்புத் திரட்டின் ஏழாம் தொகுதியில் வெளியான இவ்வழக்கில் அவர் பெற்றது நூறு ரூபாய் இழப்பீடு. தொகை சிறிதுதான், ஆனால் மாகாண அரசின் ஆணையொன்றைச் சேலத்துப் பிளீடர் ஒருவர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கி வெல்ல முடியும் என்பது ஊரறிய நிலைபெற்றது. 1900-இல் இங்கே தொழிலைத் தொடங்கிய இராஜகோபாலாச்சாரியார், 1918-இல் இராசிபுரத்துக்காரரான வரதராஜுலு நாயுடுவுக்காக இராஜத்துரோக வழக்கில் வாதாடியதும், விஜயராகவாச்சாரியார் 1920-இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதும் அவ்வழியில் வந்த நிகழ்ச்சிகள்.

அன்றாட வழக்குகளின் போக்கு வேறு. கிணற்றுப் பங்கு, தண்ணீர் இறைக்கும் முறை, வண்டித்தடம், வரப்பு ஆகியவை பற்றிய தகராறு முன்சீப் நீதிமன்றத்தில் தொடங்கி, முதல் மேல்முறையீட்டுக்கு மாவட்டத் தலைநகருக்குப் போகும். அங்கே சாட்சியத்தையும் சட்டத்தையும் சேர்த்து ஆராய்வர். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் செய்யப்படும் இரண்டாம் மேல்முறையீடு சட்டப் பிரச்சினைக்கு மட்டுமே உரியது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ‘முக்கியமான சட்டப் பிரச்சினை’ என்று மேலும் குறுக்கிவிட்டது. வரப்பு எங்கே இருந்தது என்பது நிகழ்வு பற்றிய கேள்வி. ஆதலால் வரப்புக்காகச் சென்னை வரை போன பலர் வாசலிலேயே திரும்ப நேர்ந்ததில் வியப்பில்லை.

எல்லைகளும் மாறிக்கொண்டே இருந்தன. சேலத்தைச் சேர்ந்திருந்த நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாயிற்று. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோது கரூர் அதன் கீழ் சென்றது. சேலமும் நாமக்கல்லும் சென்னையிலேயே நின்றன. காவிரிக்கு வடகரையில் பரமத்தி வேலூர்ப் பக்கத்து நிலத்தகராறு சென்னைக்கு இரயில் ஏற, பாலத்தைக் கடந்தால் தென்கரையின் தகராறு மதுரைக்குப் பேருந்து பிடிக்கிறது.