மர்த்தேன் என்னும் பெயர்

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியரின் படைத்தலங்கள் என்று ஒன்றாகத் தொகுக்கப்பெற்ற பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டில் அமைந்தது இது ஒன்றே. அச்செய்தி வெளியான சில வாரங்களுக்குப் பின், செஞ்சிக்கு வடமேற்கே உள்ள அவலூர்பேட்டையில் அன்பியக் கூட்டமொன்றில் கோட்டையின் வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு நம்மை அழைத்திருந்தனர். பேட்டை என்ற சொல்லே வணிகத்தை நினைவூட்டுவது. அவ்வூர் மக்களும் கொடுக்கல் வாங்கலில் கணக்குத் தவறாதவர்கள். அத்தகையோர் முன்னிலையில் நாம் ஒரு தவறான கணக்கைச் சொல்லிவிட்டு வந்தோம். அதைத் திருத்தும் கடமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று நாம் கூறியது இது: மராட்டியரும் மொகலாயரும் செஞ்சிக்காகப் போரிட்ட நாள்களை உடனிருந்து எழுதிவைத்தவர் நம் திருச்சபையின் குரு ஒருவர், இயேசு சபையைச் சேர்ந்த மர்த்தேன் அடிகளார் என்பது அவர் பெயர். கேட்டவர்களின் முகங்களில் தோன்றிய மகிழ்ச்சியை நாம் மறக்கவில்லை. நமக்கும் ஒரு பங்கு உண்டு என்னும் மகிழ்ச்சி அது. இளைஞர் ஒருவர் உடனே ஓர் அட்டையில் அதனை அழகிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினார். வீடு திரும்பியபின், ஓர் ஆண்டைச் சரிபார்க்கவென்று நம் பழைய குறிப்பேட்டைப் புரட்டினோம். அப்போதுதான் நாம் ஒருவராக எண்ணியிருந்த மர்த்தேன் இருவர் என்பது தெரிந்தது.

செஞ்சியைப் பற்றி எழுதியவர் குருவானவர் அல்லர். புதுச்சேரியில் வீதியொன்றுக்குப் பெயராக நிற்கும் பிரான்சுவா மர்த்தேனே அவர். பிரெஞ்சு வணிகக் கும்பெனியின் ஊழியராக 1665-இல் கப்பலேறியவர். மடகாஸ்கர், சூரத்து, மசூலிப்பட்டினம் ஆகிய இடங்களில் பணியாற்றி, 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றினார். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபோது, புதுச்சேரியில் அஞ்சிக்கொண்டிருந்த சிறு கூட்டத்தின் தலைவர் அவர்தாம். சிவாஜியின் பாசறைக்குத் தம் ஆள் ஒருவரை அனுப்பி, தொல்லையின்றி இருந்துகொள்ள இசைவு பெற்றார். சிவாஜி கோட்டையைப் புதிய மதில்களாலும் அகழிகளாலும் வலுப்படுத்தியதை நாம் அறிவதற்கு அவருடைய நினைவேடுகள் பெரிதும் துணைபுரிகின்றன. 1689-இல் இராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்ததையும், சுல்பிக்கார்கானின் படை 1690 முதல் கோட்டையைச் சூழ்ந்ததையும் அவர் வணிகரின் கண்கொண்டு கவனித்து வந்தார். எந்த மன்னருக்குப் பணமுடை, யாரிடம் எதற்கு அனுமதி கேட்கலாம் என்பதே அவர் கவலை. நினைவேடுகள் 1694-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. கோட்டை வீழ்ந்ததோ 1698-இல். ஆகவே 'முற்றுகை முழுவதையும் எழுதினார்' என்று நாம் சொன்னதும் பிழையே. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள்!

மற்றொரு மர்த்தேன் மெய்யாகவே இயேசு சபைக் குருவானவர். பியேர் மர்த்தேன் என்பது அவர் பெயர். மதுரை மறைபரப்புத்தளத்தில் உழைத்த அவர் பிரான்சுக்கு எழுதிய மடல்கள், 1702 முதல் பாரீசில் வெளிவரத் தொடங்கி முப்பத்துநான்கு தொகுதிகளாக வளர்ந்த இயேசு சபையாரின் மடல் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. 1700-ஆம் ஆண்டு மடல்களில் ஒன்று, பின்னாளில் வீரமாமுனிவர் பணிசெய்த காமநாயக்கன்பட்டியிலிருந்தும், இன்னொன்று ஆவூரிலிருந்தும் எழுதப்பட்டவை. கிழவன் சேதுபதி 1710-இல் இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் உடன்கட்டை ஏற்றப்பட்ட கொடுமையை ஐரோப்பியர் அறிந்ததும் இந்த மர்த்தேன் அடிகளாரின் மடல் வழியேதான்.

இவ்விருவரும் நம் குறிப்பேட்டில் எவ்வாறு ஒருவராயினர்? ஓராண்டின் குறிப்பு ஒரு பக்கத்திலும் மற்றோராண்டின் குறிப்பு அடுத்த பக்கத்திலும் இருந்தன. இரண்டிலும் 'மர்த்தேன்' என்று மட்டுமே எழுதியிருந்தோம். இருவரும் பிரெஞ்சுக்காரர், ஏறத்தாழ ஒரே காலத்தவர், இருவரும் தமிழகத்திலிருந்து எழுதியவர்கள். போதாக்குறைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சு மொழியில் இயேசு சபைக்கு 'கொம்பாஞி' என்றே பெயர். வணிகக் கும்பெனிக்கும் அதே சொல்தான். 'கொம்பாஞியின் மர்த்தேன்' என்று அரைகுறையாகக் குறித்து வைத்தால் அது யாரைச் சுட்டும்? நம் விருப்பம் யாரைக் காட்டுகிறதோ அவரையே சுட்டும். நம் விருப்பம் குருவானவரையே காட்டியது.

இதில் என்ன பெரிய கேடு வந்துவிட்டது என்று வாசகர் கேட்கலாம். வணிகருக்கு ஒரு குறையும் நேரவில்லை. அவருக்குப் புதுச்சேரியே நினைவுச் சின்னம். குறை நேர்ந்தது அடிகளாருக்கு. மதுரை மறைபரப்புத்தளத்தின் குருக்கள் தத்துவ போதகர் வகுத்த நெறியில், காவி உடுத்து, புலால் நீக்கி, துறவிகளாய் வாழ்ந்தவர்கள். அவர்கள் எல்லாவற்றினும் மிகுதியாக அஞ்சிய சொல் 'பறங்கி' என்பதே. கடற்கரையில் கப்பலும் பீரங்கியும் வைத்திருக்கும் வெள்ளையரோடு தங்களுக்குத் தொடர்புண்டு என்று ஊரார் எண்ணிவிட்டால், அன்றே உபதேசியாரும் கைவிடுவர், கதவுகளும் அடைபடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அத்தகைய வாழ்வை ஏற்ற ஒருவரை, பறங்கியர் கோட்டையில் கொடியேற்றிய கும்பெனித் தலைவரோடு நாம் ஒன்றாக்கிவிட்டோம். வாழ்நாள் முழுவதும் அவர் விலகி நின்ற இடத்திலேயே அவரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். பெருமை சேர்ப்பதாக எண்ணிச் செய்த செயல் இது.

காலக்கணக்கை ஒருமுறை பார்த்திருந்தாலே போதும். அடிகளார் காமநாயக்கன்பட்டியில் மடல் எழுதிய 1700-இல், மற்றவர் புதுச்சேரியில் ஆளுநர். 1693-இல் ஒல்லாந்தரிடம் இழந்த அந்நகர், ரைஸ்விக் உடன்படிக்கைக்குப் பின் 1699-இல்தான் அவர் கைக்கு மீண்டிருந்தது. 1706 டிசம்பர் 31-இல் அவர் அங்கேயே இறந்தார்.

தேடத் தொடங்கியபின் பெயரின் விளையாட்டு நம்மை விடவில்லை. பிரான்சுவா மர்த்தேன் என்ற முழுப் பெயரிலேயே இன்னொருவர் உளர்! வித்ரே ஊரினரான அவர், 1601-இல் பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்திலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளை நோக்கிப் புறப்பட்ட இரண்டு கப்பல்களுள் ஒன்றில் சென்றவர். மற்றொரு கப்பல் மாலத்தீவில் உடைந்தது. இவருடையது சுமத்திராவின் அச்சே வரை சென்றது. பயணத்தைப் பற்றி 1604-இல் பாரீசில் நூல் வெளியிட்டார். நூலகப் பட்டியல்களில் இவரும் புதுச்சேரியாரும் அடுத்தடுத்து நிற்பர். ஆண்டைப் பாராமல் நூலை எடுப்பவர், செஞ்சியைத் தேடிச் சுமத்திராவில் போய் இறங்க நேரும்.

புதுச்சேரி மர்த்தேனின் நினைவேடுகள் நெடுங்காலம் பாரீசின் ஆவணக் காப்பகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்தன. 1931 முதல் 1934 வரை மூன்று தொகுதிகளாக அவற்றை அச்சேற்றியவர் ஆல்ஃபிரட் மர்த்தினோ. பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராக இருந்து, 1911-இல் புதுச்சேரியில் வரலாற்றுக் கழகம் கண்டவர். அவருடைய பெயரும் 'சின்ன மர்த்தேன்' என்னும் பொருளதே! பின்னர் லோதிகா வரதராஜன் அந்நூலின் பெரும்பகுதியை 1980-களில் ஆங்கிலத்தில் தந்தார். அந்த மொழிபெயர்ப்பை முதலிலிருந்து படித்திருந்தால் நமக்கு இந்த நாணம் நேர்ந்திராது.

இத்தனை மர்த்தேன்கள் எங்கிருந்து வந்தனர் என்ற ஐயத்திற்கு விடை எளிது. தம் மேலங்கியை இரண்டாகக் கிழித்துக் குளிரில் நடுங்கிய இரவலனுக்குப் பாதியைக் கொடுத்த தூர் நகர் ஆயர் புனித மார்ட்டினின் மேல் பிரான்சு மக்கள் கொண்ட பற்றினால், அப்பெயர் அந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயராயிற்று. நம் நாட்டில் சவேரியாரின் பெயர் பரவியதை ஒப்பிடலாம். அக்பரின் அவைக்குச் சென்ற எரோணிமுஸ் சவேரியார் நம் பிரான்சிஸ் சவேரியாரின் உறவினரே. அப்பெயரை விரும்பி ஏற்றவர். அங்கே பெயருக்குப் பின்னால் குருதியும் உண்டு, பக்தியும் உண்டு. மர்த்தேன்களிடையே அத்தகைய இழை எதுவும் இல்லை.

தமிழ் கற்றோருக்கு இச்சிக்கல் புதிதன்று. அதியமானைப் பாடிய ஔவையாரையும் ஆத்திசூடி தந்த ஔவையாரையும் ஒருவராக்கி, அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டுமே என்று நெல்லிக்கனியையும் துணைக்கு அழைத்தவர்கள் நம் முன்னோர். நக்கீரரும் அவ்வாறே பல நூற்றாண்டுகள் வாழ்ந்துவிட்டார். ஆனால் அக்கதைகளைக் கட்டியது மக்களின் அன்பு. நாமோ கையில் ஆவணத்தை வைத்துக்கொண்டு தவறியவர்கள். நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

செஞ்சியை நேரில் கண்டு எழுதிய இயேசு சபைக் குருவானவர் ஒருவர் உண்மையில் உளர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சியில் அங்கு வந்த நிக்கோலாஸ் பிமெந்தா அடிகளாரே அவர். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் மிகப் பெரியது செஞ்சி என்றும், போர்த்துகல்லில் லிஸ்பனைத் தவிர வேறெதுவும் அதற்கு ஈடாகாது என்றும் வியந்து எழுதினார். நம் மக்களுக்குச் சொல்லத்தக்க செய்தி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க, இல்லாத ஒன்றை நாம் சொல்லியிருக்கிறோம்.

சென்ற திங்கள் மீண்டும் அவலூர்பேட்டைக்குச் சென்று, அதே கூட்டத்தில் நம் பிழையை எடுத்துரைத்தோம். ஒருவரும் நகைக்கவில்லை. சிலருக்குச் சிறு வருத்தம் இருந்ததை மட்டும் கண்டோம். சுவரிலிருந்த அட்டையை அந்த இளைஞர் தாமே கழற்றினார். பின்பக்கத்தில் பிமெந்தா அடிகளாரின் பெயரை எழுதத் தொடங்கியவர், எழுதுகோலை நிறுத்தி நம்மைப் பார்த்து, "ஐயா, இந்தப் பெயரில் இன்னொருவர் இல்லையே? பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.