குழந்தைத் துணியும் நுரையும்

பிரெஞ்சில் லெஸ்ஸிவ் என்று ஒரு சொல் உண்டு. இன்று அந்தச் சொல்லுக்குச் சலவைத் தூள் என்று பொருள். துணி துவைக்கும் வேலைக்கும் அதுவே பெயர். அதன் பழைய பொருள் சாம்பல் தண்ணீர். பெரிய மரத்தொட்டியில் அழுக்குத் துணிகளை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணியில் விறகுச் சாம்பலைப் பரப்பி, வெந்நீரை ஊற்றுவார்கள். கீழே வடிகிற காரத் தண்ணீரைப் பிடித்து, மறுபடி காய்ச்சி, மறுபடி மேலே ஊற்றுவார்கள். பிரெஞ்சுக் கிராமங்களில் இந்தப் பெரிய வெளுப்பு வருஷத்துக்குச் சில தடவைதான் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை. வெள்ளாவிப் பானையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். அங்கே விறகுச் சாம்பல், இங்கே உவர்மண். காரமும் சூடும் சேர்ந்து துணியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கின்றன என்பது இரண்டுக்கும் பொது. சவர்க்காரம் என்ற நம் சொல்லிலும் அந்த உவர்ப்பும் காரமும் இருக்கின்றன. இரண்டு முறையிலும் நுரை என்ற பேச்சே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழந்தைக்குக் கட்டுகிற துணிக்கு நம்மிடம் அணையாடை என்று அழகான பழஞ்சொல் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, மூத்திரத்துணி என்றுதான் சொன்னோம். தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்தால் ஒரு குழந்தைக்குப் போதும். நூறு தடவை துவைத்த பருத்திக்குத் தண்ணீரை உறிஞ்சும் சக்தி அதிகம் என்று கிழவிகளுக்குத் தெரியும். அதனால்தான் புதுத்துணியை யாரும் வெட்டுவதில்லை.

பிரசவ வீட்டுத் தீட்டுத் துணிகளைச் சலவைக்கார அம்மாள் வந்து எடுத்துப் போவார். கை கூசாமல் அந்த வேலையைச் செய்தவருக்கு இரவில் சோறு, அறுவடையில் கொஞ்சம் நெல், நல்ல நாளில் ஒரு பழைய புடவை. இதுதான் கூலி. எங்கள் தெருவில் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் துணி முழுவதும் அவர் கையால் வெளுத்தது. வாசலில்தான் நின்றார். அவர் பெயர் என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சோப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கம்பெனிகளின் பெயரை மட்டும் எழுதுகிறார்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சோப்பு எங்களுக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று கடையில் வாங்கும் மஞ்சள் பார் சோப்பு, நூல் போட்டு அறுத்துக் கொடுப்பார்கள். இன்னொன்று சொல்தா வீட்டுச் சோப்பு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய எதிர்வீட்டுக்காரர் பெட்டியில் மார்செய் சோப்புக் கட்டிகள் இருந்தன. சதுரமாக, பச்சைக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில், மேலே 72 என்று முத்திரை குத்தியிருக்கும். நூற்றுக்கு 72 பங்கு எண்ணெய்ச் சத்து என்று அதற்கு அர்த்தம். பதினான்காம் லூயி காலத்தில், 1688இல், இந்தச் சோப்புக்கு என்று ஓர் அரசாணையே போட்டார்கள். ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது. வெயில் கடுமையான ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சோப்புக் காய்ச்சவே கூடாது. குமாஸ்தாவாக வேலை பார்த்தவனுக்கு இப்படிப்பட்ட தெளிவான ஆணைகளைப் படிப்பதில் ஒரு சந்தோஷம்.

சொல்தா வீட்டம்மாள் தன் பேரக்குழந்தைகளின் துணிக்கு மட்டும் அந்தக் கட்டியைத் தொடுவார். அதையும் குழாய்த் தண்ணீரில்தான் போடுவார், கிணற்றுத் தண்ணீரில் போட்டால் சோப்பு திரிந்துவிடும். நம் ஊரில் இந்த வித்தியாசம் தெரியாத வீடு கிடையாது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதன் ஞாபகமாகத்தான் பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. சமையலுக்கும் சோப்புக்கும் நல்ல தண்ணீர், மற்றதற்குக் கிணறு.

ஏன் திரிகிறது? சோப்பு என்பது கொழுப்பின் அமிலமும் காரமும் சேர்ந்தது என்பதைச் செவ்ரேல் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1823இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். (மனிதர் 102 வயது இருந்தார். நம் வயதுக்காரர்களுக்கு இது ஓர் ஆறுதல்.) கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு அந்த அமிலம் சேர்ந்தால் கரையாத பிசின் ஆகிவிடும். அந்தப் பிசின் துணியில் படிந்தால், துணி விறைக்கும், ஈரத்தை உறிஞ்சாது, வாடையும் போகாது. குழந்தையின் துணிக்கு இந்த மூன்றுமே ஆகாது.

வெள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லியோன் நகரத்துக்காரர் குய்மே 1826இல் செயற்கை நீலம் செய்யக் கண்டுபிடித்தார். அதுவரை அந்த நிறத்துக்கு விலை உயர்ந்த கல்லை அரைக்க வேண்டியிருந்தது. அந்த நீலம் சலவைக்கும் போயிற்று. மஞ்சள் தட்டிய துணியில் ஒரு துளி நீலம் பட்டால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தத் தொழிலில் வந்த செல்வத்தில்தான் அவர் மகன் எமில் குய்மே பாரீசில் ஆசியக் கலைகளுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்தார். தென்னாட்டுச் சிற்பங்களை அங்கே பார்த்துவிட்டு வந்த உறவினர்களிடம் இந்த நீலக் கதையைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இன்றைய சலவைத் தூள்களில் நீலத்தின் வேலையை ஒளியேற்றும் ரசாயனங்கள் செய்கின்றன. அதுவும் கண்ணுக்குத்தான்.

இனி நுரைக்கு வருகிறேன். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் டிடர்ஜெண்ட் வந்தபோது கடினத் தண்ணீர்த் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. அமெரிக்காவில் டைட் வந்தது 1946இல், இந்தியாவில் சர்ஃப் வந்தது 1959இல். வாளியில் ஒரு கரண்டி போட்டுக் கையை விட்டுக் கலக்கினால் பொங்கி வழியும். நுரையும் ஒரு சரக்கானது அப்போதுதான். 1957இல் வெளியான ரோலான் பார்த்தின் ‘மித்தோலொழி’ நூலில் சலவைத் தூள் விளம்பரங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. நுரையைப் பார்க்கும்போது தாராளம், செழிப்பு என்ற எண்ணம் வருகிறது, அதனால் உண்மையில் என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. போட்டி போடுவதாகத் தெரியும் இரண்டு தூள்களும் ஒரே கம்பெனியுடையவை என்று முடிப்பார். நம் ஊரில் 1969இல் நிர்மா வந்து விலையை இறக்கியதும் ஏழை வீடுகளிலும் நுரை வந்தது. அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அழுக்கை எடுப்பது நுரை அல்ல. துணியின் பிசுக்கைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துப் போகும் பொருள் வேறு, நுரை அதன் உடன்பிறப்பு. கைத்துவைப்புத் தூளில் நுரை வேண்டும் என்றே கூட்டி வைக்கிறார்கள், இல்லாவிட்டால் நாம் வாங்க மாட்டோம்.

இந்தக் கதை எல்லாம் இப்போது எதற்கு என்றால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. என் பேத்தியின் மகள். ஒருமுறை கட்டித் தூக்கி எறிவது வேண்டாம் என்று பேத்தி துணிதான் கட்டுகிறாள். துவைக்க முன்கதவு மெஷின். இரண்டாம் மாதம் துணிகள் ஈரத்தை வாங்காமல் வெளியே விட்டன. காய்ந்த துணியிலேயே வாடை. குழந்தைக்குத் தொடையில் சிவப்பு. மருத்துவர் களிம்பு கொடுத்துவிட்டு, துணியை நன்றாக அலசச் சொன்னார். பேத்தி அட்டைப் பெட்டியைப் படித்துப் பார்த்தாள். வாளிக்கும் கைத்துவைப்புக்குமான தூள் அது. மெஷினுக்கான தூளை வாங்கி வந்து பாதி அளவு போட்டாள். என் மனைவி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, “நுரையே இல்லியே, இது என்னடி வெளுக்கும்?” என்றாள். “நுரை வந்தாதான் ஆயா வெளுக்காது” என்றாள் அவள்.

அவள் சொன்னது சரி. பழைய மேல்மூடி மெஷின்கள் ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். முன்கதவு மெஷின் ஐம்பது லிட்டர் அளவில் முடித்துவிடும். துணியை மேலே தூக்கிக் கீழே போடுவதுதான் அதன் துவைப்பு, நம் கல்லில் அடிப்பது போல. நடுவில் நுரை மெத்தை விரித்தால் அடி விழாது. அலசவும் தண்ணீர் குறைவு, நுரை முழுவதும் வெளியேறாது. மிச்சம் நூலில் தங்கும். குழந்தை நனைத்ததும் அந்த மிச்சம் தோலில் இறங்கும். அமெரிக்காவில் அதனால்தான் இத்தகைய மெஷின்களுக்கு நுரை குறைந்த தூள் என்று தனி முத்திரையே போட்டு விற்கிறார்கள். இங்கே ‘ஃப்ரண்ட் லோட்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

திரவமா தூளா என்று கேட்டால், நம் ஊர் போர்த் தண்ணீருக்கு நான் தூள் என்பேன். தண்ணீரின் கடினத்தை அடக்கும் சரக்கு தூளில் பெரும்பாலும் அதிகம். என்ஸைம் இருக்க வேண்டும். மலக்கறையில் உள்ள புரதத்தை உடைப்பது அதுதான். 1913இலேயே ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் கணையச் சாற்றைச் சலவைப் பொருளில் சேர்த்துக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், ஆகவே புதுமோகம் என்று ஒதுக்க வேண்டாம். மலத்தைத் தட்டிவிட்டு முதலில் பச்சைத் தண்ணீரில் ஓட விடுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு 60 டிகிரி சூட்டில் தூள் போட்டு ஒரு துவைப்பு, கூடுதலாக ஓர் அலசல். மெதுமையாக்கும் வாசனைத் திரவம் மட்டும் கூடவே கூடாது. அது நூலின் மேல் ஒரு பூச்சு, குழந்தைத் துணிக்கு மெழுகு தடவியது போல் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. அப்படிப்பட்ட துணிகளைத் தூளே இல்லாமல் வெந்நீரில் இரண்டு மூன்று ஓட்டம் விட வேண்டும். பேத்தி அப்படி விட்டபோது, தூள் போடாத தண்ணீரிலேயே கதவுக் கண்ணாடி வரை நுரை ஏறியது. அத்தனையும் குழந்தையின் இடுப்பில் கட்டியிருந்தது.

குழந்தையின் சிவப்பு இப்போது இல்லை. மெஷின் முடித்த துணிகளில் இரண்டை எடுத்து, என் மனைவி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கி, நுரை கிளம்பவில்லை என்று பார்த்த பிறகுதான் மாடியில் கொடிக்குக் கொண்டுபோகிறாள்.