கழுகும் கால் நைந்த வீரனும்

1866-ஆம் ஆண்டு. தென் இங்கிலாந்தின் சில்செஸ்டரில், மண்மூடிக் கிடந்த ரோமானிய நகரொன்றை அகழ்ந்தபோது சிறகிழந்த வெண்கலக் கழுகு ஒன்று கிடைத்தது. இது ஒரு புதிர். பிரிட்டனில் பாளையமிட்டிருந்த ரோமானியரின் ஒன்பதாம் படையணி, கி.பி. 117-ஐ ஒட்டி வடபுலப் பழங்குடிகளை அடக்கச் சென்று மீளவேயில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இது மற்றொன்று. இவ்விரண்டையும் முடிச்சிட்டு, 1954-இல் ரோஸ்மேரி சட்கிளிஃப் சிறுவர்களுக்கென எழுதிய புதினமே 'ஒன்பதாம் படையணியின் கழுகு'.

கடற்படை அதிகாரி ஒருவரின் மகளாக 1920-இல் பிறந்தவர் சட்கிளிஃப். மூட்டுகளை முடக்கும் ஸ்டில் நோய் குழந்தைப் பருவத்திலேயே பற்றிக்கொண்டது. வாழ்நாளின் பெரும்பகுதி சக்கர நாற்காலியில் கழிந்தது. ஒன்பது வயது வரை வாசிக்கத் தெரியாது. தாயார் கிப்ளிங்கை வாசித்துக் காட்டினார். (அப்படியொரு தாய் வாய்த்திருக்க, எழுத்துக்கூட்ட அவசரம் ஏது?) பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு, பிட்ஃபோர்டு ஓவியப் பள்ளியில் பயின்று, நுண்ணோவியரானார். உள்ளங்கையளவுப் பரப்பு போதவில்லை போலும், எழுத வந்துவிட்டார். முதலிரு நூல்கள் 1950-இல் வெளியாயின.

கழுகைத் தேடிப் புறப்படும் மார்க்கஸ், முதற்போரிலேயே கால் நைந்து படைத்தொழிலை இழந்தவன். 1958-இல் வந்த 'செவ்வாடை வீரன்' கதையின் டிரெம், ஈட்டி எறியவேண்டிய வலக்கை சூம்பிய வெண்கலக் காலச் சிறுவன்; ஓநாயைத் தனித்துக் கொன்றாலன்றி அவன் குலத்தில் வீரனாக இயலாது. முதன்முறை தோற்கவும் செய்கிறான். இவர்களுள் எவருக்கும் சட்கிளிஃப் அற்புதம் நிகழ்த்தி அங்கத்தைச் சீராக்கவில்லை. வாசகரிடம் இரக்கம் கோரவுமில்லை. மார்க்கஸ் இறுதிவரை நொண்டியே நடக்கிறான். சிறுவர் நூல்களில் இந்நேர்மை அரிது என்பேன். ரோமானியப் படைகள் பிரிட்டனைக் கைவிட்ட காலத்தைக் கூறும் 'விளக்கேந்திகள்' (1959) அவருக்குக் கார்னகி பதக்கத்தைப் பெற்றுத் தந்தது. அவர் 1992-இல் மறைந்தார்.

ஆய்வாளர்கள் கதையின் இரு தூண்களையும் அசைத்துவிட்டனர். நெதர்லாந்தின் நைமேகனில் ஒன்பதாம் படையணியின் தடயங்கள் கிடைத்திருப்பதால், அது பிரிட்டனில் அழியவில்லை என்போர் பலர். வழக்கு இன்னும் முடியவில்லை. சில்செஸ்டர்க் கழுகோ படைச்சின்னமே அன்று, ஏதோவொரு சிலையின் பகுதி என்றே இன்று கருதப்படுகிறது. ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். ஆயினும் அதன்முன் நிற்கும் சட்கிளிஃபின் வாசகருக்குச் சிலை நினைவுக்கு வருமா என்ன? மார்க்கஸ்தான் வருவான், காலை இழுத்தபடி.