அரிசியும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ்தான்... அப்புறம் ஏன் சோறு மட்டும் சுகரை ஏத்துது?

"நான் இனிப்பையே தொடுறதில்லை. காபிக்குக்கூட சர்க்கரை கிடையாது. அப்புறம் எப்படி சுகர் ஏறுது?"

சர்க்கரை நோய் உள்ள பலரும் கேட்கும் கேள்வி இது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தக் கேள்விக்கான பதில் ஒரு நெற்பயிரிலேயே இருக்கு. எப்படி? பார்க்கலாம்.

பெரிய மூலக்கூறு என்றால் என்ன?

பூ தொடுப்பதை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு பூவும் சின்னதுதான். தொடுத்தால் முழக்கணக்கில் சரம் ஆகிவிடும். உயிர்களின் உடலில் உள்ள பெரிய மூலக்கூறுகளும் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன.

* புரதம்: 20 வகை அமினோ அமிலங்களைத் தொடுத்த சரம்
* டிஎன்ஏ: 4 வகை நியூக்ளியோடைடுகளின் சரம்
* மாவுச்சத்து: குளுக்கோஸை மட்டுமே தொடுத்த சரம்

கொழுப்பு மட்டும் கொஞ்சம் வேறு. அது நீளமான சரம் இல்லை. ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த மூலக்கூறு.

ஆயிரக்கணக்கான அணுக்கள் இப்படி ஒரே மூலக்கூறாக இணைந்திருக்க முடியும் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-ல் சொன்னபோது, பலரும் ஏற்கவில்லை. 1953-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

ஒரே பூ, இரண்டு சரம்

நெல்மணியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. வைக்கோலில் அதிகம் இருப்பது செல்லுலோஸ். இரண்டிலும் உள்ள 'பூ' ஒன்றுதான்: குளுக்கோஸ். தொடுத்த விதம்தான் வேறு.

மாவுச்சத்தில் எல்லா குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். அதனால் சரம் சுருளும். சில இடங்களில் கிளையும் விடும். செல்லுலோஸில் ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக என்று மாறி மாறி இருக்கும். அந்தச் சரங்கள் நீட்டமாக நின்று, ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளும். பயிர் நிமிர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மால் ஏன் வைக்கோலைச் செரிக்க முடியாது?

சரத்தைப் பிரிக்க நொதி வேண்டும். நம் எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதிக்கு மாவுச்சத்தின் முடிச்சை மட்டும்தான் அவிழ்க்கத் தெரியும். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நன்றாக மென்று பாருங்க. லேசாக இனிக்கும். சரம் வாயிலேயே பிரியத் தொடங்கியதன் அடையாளம் அது.

செல்லுலோஸின் முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உடலில் கிடையாது. மாட்டுக்கும் சொந்தமாகக் கிடையாது! அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள்தான் வைக்கோலை உடைத்துப் புளிக்க வைக்கின்றன. அப்போது உருவாகும் அமிலங்களில் இருந்துதான் மாட்டுக்குச் சத்து கிடைக்கிறது.

சரி, சுகர் ஏன் ஏறுது?

நாம் காபியில் போடும் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ். மறுபாதி ஃபிரக்டோஸ். ஆனா மாவுச்சத்து பிரிந்தால் வருவது முழுக்க முழுக்க குளுக்கோஸ். நாக்குக்கு இனிக்காத சோறு, குடலுக்குப் போனதும் சர்க்கரையாகவே ரத்தத்தில் சேருது.

"நான் சோற்றை விட்டுட்டு சப்பாத்திக்கு மாறிட்டேனே" என்கிறீர்களா? கோதுமை, ரவை, கேழ்வரகு, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது அதே மாவுச்சத்துதான். எதைச் சாப்பிடுறோம் என்பதோடு, எவ்வளவு சாப்பிடுறோம் என்பதும் முக்கியம்.

கீரை, காய்கறிகளில் உள்ள செல்லுலோஸ் ரத்தத்தில் சேராது. நார்ச்சத்தாகவே வெளியேறிவிடும். நார்ச்சத்து அதிகமுள்ள உணவு மெதுவாகச் செரிப்பதால், சர்க்கரையும் சட்டென ஏறாது. அதனால்தான் சோற்றைக் குறைச்சு காய்கறியைக் கூட்டச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்க. மாத்திரையை மட்டும் நீங்களாகவே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.